வளையத்தின் கீழ் மூலையில் ஒரு வெட்டு

புது வண்டி வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நாங்கள் ஆறு பேர் அடித்துக்கொண்ட அடி, தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கிற வீட்டில்கூட நடந்திருக்காது. மணல், சேறு, பாறை எதுவானாலும் ஏறிப் போகிற ஜீப் வகை வண்டி அது. பழைய மாடலுக்கு உருண்டையான முகவிளக்கு. புது மாடலுக்கு முகத்தையே மாற்றப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. எப்படி மாற்றப்போகிறார்கள் என்று கம்பெனி மூச்சு விடவில்லை. அதனால் அந்த வேலையை நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

மாமல்லபுரத்தைத் தாண்டி சதுரங்கப்பட்டினம் போகிற சாலையில், சவுக்குத் தோப்பு ஓரமாக ஒரு டீக்கடை. அங்கேதான் கூடுவோம். ஐந்து பேரிடம் பழைய மாடல் வண்டி இருந்தது. என்னிடம் பைக்தான். செங்கல்பட்டு பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஃப்ளெக்ஸ் பேனர் டிசைன் செய்து பிழைக்கிறவன் நான். படம் போடத் தெரியும் என்பதற்காகச் சேர்த்துக்கொண்டார்கள். அவர்கள் சொல்வதையெல்லாம் கேட்டு, கம்ப்யூட்டரில் புது வண்டியின் முகத்தை வரைந்து, கடையில் மிச்சம் விழுந்த ஃப்ளெக்ஸில் பிரிண்ட் போட்டுச் சுருட்டி எடுத்துப்போவேன். யாராவது ஒருவருடைய வண்டியின் பானட்டில் அதை விரித்து, காற்றில் பறக்காமலிருக்க மூலைகளில் டீ கிளாஸ் வைப்போம். பிறகு ஆளுக்கொரு ஸ்கெட்ச் பேனாவை எடுத்துக்கொண்டு என் வேலையைக் கெடுக்க ஆரம்பிப்பார்கள்.

புது வண்டியைச் சாலையில் ஓட்டிப் பார்க்கும்போது, உருவம் யாருக்கும் தெரியாமலிருக்க, கறுப்பு வெள்ளைக் கோலம் போட்ட துணியால் கம்பெனிக்காரர்கள் அதை முழுக்கப் போர்த்தியிருப்பார்கள். அதற்கு நாங்கள் வைத்த பெயர் முக்காடு. முக்காட்டைப் பார்த்து முதலில் வாட்ஸப் குரூப்பில் படம் போடுகிறவருக்கு அந்த வாரம் டீ இலவசம். கடையில் இருக்கும் ஒரே முதுகு சாய்கிற நாற்காலியும் அவருக்குத்தான். அந்த நாற்காலிக்காக, சிறுசேரியில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிற எங்கள் குரூப் அட்மின், மீட்டிங்கைப் பாதியில் விட்டுவிட்டு கேளம்பாக்கம் வரை ஒரு முக்காட்டைத் துரத்திக்கொண்டு போயிருக்கிறார். எடுத்த படம் ஆடிப்போயிருந்தது. அதில் தெரிவதாக அவர் சத்தியம் செய்த ஒரு மடிப்பை வைத்துப் பல வாரம் பேசினோம்.

ஐந்து பேரில் ஒருவன் எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே நண்பன். திருக்கழுக்குன்றம் பக்கத்தில் ஒரு கிராமம், விவசாயக் குடும்பம். இவன் மண் தோண்டுகிற பொக்லைன் வண்டிகளை வாடகைக்கு விடுகிறான். நோன்பு மாதம் வந்தால் தூக்குவாளியோடு எங்கள் வீட்டு வாசலில் நின்று, என் அம்மாவிடம் கஞ்சி வாங்கிக்கொண்டு போவான். புது வண்டிக்கும் உருண்டை விளக்குதான் என்று அவன் ஒரே பிடியாக நின்றான். அட்மின் சதுரம் என்றார்.

"ரவுண்டு லைட்டு இல்லன்னா அது இன்னா வண்டி? பிரிட்ஜு மாரி இருக்கும்" என்பான் நண்பன்.

"டெக்னாலஜி மாறிடுச்சு பாஸ். நீங்க இன்னும் மாட்டு வண்டிலயே இருக்கீங்க" என்பார் அட்மின்.

ஒருநாள் நண்பனைத் திருப்திப்படுத்த உருண்டை விளக்கு போட்டு ஒரு முகம் வரைந்தேன். விளக்கைச் சுற்றித் தடிமனாக ஒரு கறுப்பு வளையம், வளையத்தின் கீழ் மூலையில் சாய்வாக ஒரு வெட்டு. அந்த வெட்டில் எல்லோரும் விழுந்துவிட்டார்கள். சதுரக் கட்சி அட்மினே, "அந்த கட் இருக்கே பாய், அதுதான் டிசைன்" என்றார். அது டிசைன் இல்லை என்பது எனக்கு மட்டும் தெரியும். ஒரு கல்யாண பேனரில் மாப்பிள்ளையின் படத்தைச் சுற்றிப் போட்ட வளையத்தை எடுத்து இங்கே ஒட்டியிருந்தேன். அந்தப் பேனரில் மாப்பிள்ளையின் பெயர் நீளமாக இருந்ததால், பெயருக்கு இடம் விட வளையத்தின் மூலையை வெட்டியிருந்தேன். இங்கே அதைச் சரிசெய்ய மறந்து பிரிண்ட் போட்டுவிட்டேன். இத்தனை பேர் புகழும்போது எதற்குக் கெடுத்துக்கொள்ள வேண்டும் என்று வாயைத் திறக்கவில்லை. எல்லோரும் அந்த ஃபைலை என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

என் தம்பிக்கு எங்கள் கூட்டம் என்றாலே கிண்டல்தான். அவன் சிறுசேரியில் கேப் ஓட்டினான். இரவு ஷிப்ட் ஆட்களை வீடு சேர்த்து, கேபை யார்டில் விட்டுவிட்டு, விடிகிற நேரத்தில் தன் பைக்கில் கோவளம், நெம்மேலி, மாமல்லபுரம் என்று கடலோரமாகவே சதுரங்கப்பட்டினத்துக்கு, எங்கள் வீட்டுக்கு வருவான். ஞாயிற்றுக்கிழமையானால் டீக்கடையில் நிறுத்தி, என் கிளாஸை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, ஃப்ளெக்ஸைப் பார்ப்பான். "இன்னும் பொறக்காத வண்டிக்கு பேர் வெக்க ஆறு பேரா?" என்பான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வரவில்லை. நண்பனும் வரவில்லை. நண்பன் வராததைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். உருண்டைக் கட்சி பயந்துவிட்டது என்று அட்மின் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. தம்பியின் நம்பர். எடுத்தால் ஒரு பெண்ணின் குரல்.

"இந்த போனு யாருதுப்பா? அண்ணேன்னு போட்டுகீதே, அதான் அடிச்சேன். ஒரு தம்பி ரோட்ல உழுந்து கெடக்குது. நெம்மேலியாண்ட, கடல்தண்ணி பிளாண்டு தாண்டி. நூத்தியெட்டுக்கு சொல்லிகீறோம்."

மீன் எடுக்கப் போன பெண்கள் அவர்கள். அவர்கள் வந்தபோது அவன் ஹெல்மெட்டோடு குப்புறக் கிடந்தானாம். பைக் ஒரு பக்கம் கிடந்ததாம். இடித்த வண்டி அங்கே இல்லை.

ஆம்புலன்சைத் துரத்திக்கொண்டு செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் நான் முதலில் போன் செய்தது நண்பனுக்குத்தான். அழுதுகொண்டே சொன்னேன். அவன் வெகுநேரம் பேசவில்லை. லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"எங்க மச்சான்?" என்று கேட்டான்.

"நெம்மேலில."

பிறகு, "நீ போ, நான் வரேன்" என்றான்.

வந்தான். பஸ்ஸில் வந்து இறங்கினான். ஜீப் எங்கே என்று யாரோ கேட்டதற்கு, "கிளட்சு பூடுச்சு, ஷெட்ல கீது" என்றான். வந்ததிலிருந்து ஆஸ்பத்திரியை விட்டு நகரவில்லை. ஸ்ட்ரெச்சர் தள்ளினான், மருந்துக் கடைக்கு ஓடினான், என் அம்மாவை உட்கார வைத்துத் தண்ணீர் குடிக்க வைத்தான்.

தம்பிக்குத் தலைக்குள் ரத்தம் கசிந்திருந்தது. ஆபரேஷன் செய்தார்கள். கண் திறக்கவில்லை. டாக்டர் வெளியே வந்து ஏதேதோ சொன்னார். அதில் ஒன்றுதான் என் காதில் தங்கியது.

"அடிபட்டு எவ்வளவு நேரம் ரோட்ல கிடந்தார்னு தெரியுமா?"

எனக்குத் தெரியவில்லை. மீன்காரப் பெண்களுக்கும் தெரியவில்லை. டாக்டர் தலையை ஆட்டிவிட்டு எதையோ எழுதிக்கொண்டு போய்விட்டார். அவருக்கு அது எல்லோரிடமும் கேட்கிற கேள்வியாக இருந்திருக்கும். எனக்கு அது நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. நான் டீ கிளாஸை வைத்து ஃப்ளெக்ஸை விரித்துக்கொண்டிருந்தபோது கிடந்தானா? அட்மின் சிரித்துக்கொண்டிருந்தபோது கிடந்தானா? அண்ணே என்று கூப்பிட்டுப் பார்த்தானா? யோசிக்க யோசிக்கப் பைத்தியம் பிடிக்கும் போலிருந்தது. அந்த வண்டிக்காரன் கிடைக்க வேண்டும் என்று மட்டும் வேண்டினேன். அவனை அடிக்கவோ உள்ளே தள்ளவோ எனக்கு அப்போது நினைப்பில்லை. இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஆள் உலகத்தில் அவன் ஒருத்தன்தான்.

அம்மாவின் நினைப்பு வேறு எங்கோ நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் கொடுத்த பையில் தம்பியின் ஒரு செருப்புதான் இருந்தது. "இன்னொண்ணு எங்க? எழுந்து வந்தா எத போட்டுகினு வருவான்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தஸ்பீஹ் மணியை உருட்டுவார், திடீரென்று நிறுத்திச் செருப்பைக் கேட்பார். தாங்க முடியாமல் நான் பைக்கை எடுத்துக்கொண்டு நெம்மேலிக்குப் போனேன்.

சாலையோர மணலில் ராவணன் மீசைப் புல் படர்ந்து கிடந்தது. அதைக் காலால் விலக்கிச் செருப்பைத் தேடினேன். செருப்பு கிடைக்கவில்லை. புல்லுக்கடியில் கறுப்பாக ஏதோ தட்டுப்பட்டது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஃபைபர் துண்டு. வளைந்திருந்தது. தட்டிப் பார்த்தேன். முகவிளக்கைச் சுற்றிப் போடுகிற வளையத்தின் துண்டு. ஒரு மூலையில் சாய்வாக ஒரு வெட்டு இருந்தது.

என் படத்தில் இருந்த அதே வெட்டு.

அந்த நேரத்தில் எனக்குள் என்ன வந்தது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு சின்னச் சந்தோஷம் வந்தது. நாம் போட்டது சரி, கம்பெனிக்காரனும் இப்படித்தான் செய்திருக்கிறான் என்று. தம்பியின் ரத்தம் கறுத்துக் கிடந்த இடத்தில் நின்றுகொண்டு அப்படி நினைத்தேன். அடுத்த நிமிஷம் அந்த இடத்தை விட்டுத் தள்ளிப் போய் நின்றேன். ஆனால் முதலில் வந்தது அதுதான்.

துண்டை உள்ளங்கையில் வைத்துப் படம் எடுத்து குரூப்பில் போட்டேன். 'தம்பியை இடித்த வண்டி இது. புது மாடல், முக்காடு. கண்டுபிடிக்க உதவுங்க' என்று எழுதினேன்.

முதல் பதில் அட்மினிடமிருந்து வந்தது. 'அப்போ ரவுண்டுதானா.'

அதன் பின் வரிசையாக வந்தது. வெட்டு அப்படியே இருக்கிறது என்றார்கள். பாய் ஜீனியஸ் என்றார்கள். துண்டின் பின்பக்கம் சொரசொரவென்று ஃபைபர் நார் தெரிகிறதே, கம்பெனி பாகம் என்றால் நம்பர் அச்சடித்திருக்குமே என்று ஒருவர் கேட்டார். டெஸ்ட் வண்டிக்குக் கையால் செய்துதான் மாட்டுவார்கள், அப்படித்தான் இருக்கும் என்று இன்னொருவர் விளக்கினார். அது நல்ல விளக்கமாக இருந்தது. எல்லோரும் ஏற்றுக்கொண்டோம். கொஞ்ச நேரம் கழித்து அட்மினுக்கு உறைத்திருக்க வேண்டும். 'ஸாரி பாய், தம்பி எப்படி இருக்கார்' என்று கேட்டார். நண்பன் எதுவும் எழுதவில்லை.

யாரோ அந்தப் படத்தை வெளியே அனுப்பிவிட்டார்கள். மறுநாளே என் உள்ளங்கை ஊரெல்லாம் சுற்றியது. கார் பற்றிப் பேசுகிற வீடியோக்களில் அதைப் பெரிதாக்கி, சிவப்பு வட்டம் போட்டு, முகவிளக்கின் ரகசியம் வெளியானது என்று கத்தினார்கள். ஐ.சி.யூ. வாசலில் நின்றிருந்தபோது ஒரு புது நம்பரிலிருந்து போன் வந்தது. யாரோ ஒரு இளைஞன்.

"அண்ணா, அந்த பீஸ் எங்க கெடச்சுது? நம்ம சேனலுக்கு மட்டும் சொல்லுங்கண்ணா."

"என் தம்பி தலைய ஒடச்சிட்டு போன எடத்துல கெடச்சுது" என்றேன்.

"ஓ. ஸாரிண்ணா. அது முன்பக்க லெஃப்டா, ரைட்டா?"

போனைச் சுவரில் எறிந்திருப்பேன். நண்பன் கையைப் பிடித்துக்கொண்டான். வெகுநேரம் விடவில்லை. என் மேல் எவ்வளவு பாசம் பார் என்று நினைத்துக்கொண்டேன்.

போலீஸ் ஸ்டேஷனில் துண்டை வாங்கிக் கவரில் போட்டு வைத்தார்கள். நான்தான் எல்லாம் தெரிந்தவன் மாதிரி ஒரு மணி நேரம் பேசினேன். முக்காடு என்றால் என்ன, டெஸ்ட் வண்டி எப்படி ஓடும், இந்த வளையம் ஏன் வேறு எந்த வண்டியிலும் இருக்க முடியாது என்று போனில் படம் காட்டி விளக்கினேன். அவர்கள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். தம்பி கிடந்த அந்தச் சாலை வளைவில் கேமரா இல்லை. கம்பெனியில் விசாரிக்கிறோம் என்றார்கள். நான் காட்டின திசையிலேயே அவர்களும் பார்க்க ஆரம்பித்தார்கள்.

நாட்கள் போயின. தம்பியின் விரல் அசைந்தது என்று அம்மா ஒருநாள் சொன்னார். நர்ஸம்மா பார்த்துவிட்டு டிரிப்ஸைச் சரிசெய்துவிட்டுப் போனார். நண்பன் காலையில் இட்லி வாங்கி வருவான், மத்தியானம் அம்மாவுக்கு மோர் வாங்கி வருவான். அவன் முகம் வற்றிவிட்டது. "அந்தப் புள்ள நாஸ்தா பண்ணிச்சா கேளு. கூடப் பொறந்தவன்கூட இப்படி நிக்க மாட்டான்" என்றார் அம்மா. அவனுக்கும் சேர்த்து துவா செய்தார். அவன் காதில் அது விழுந்தபோது எழுந்து வெளியே போய்விட்டான்.

"விட்டுடு மச்சான். வண்டிய தேடி இன்னா ஆவப்போவுது? தம்பி எழுந்து வரட்டும்" என்று ஒருமுறை சொன்னான்.

"எவ்ளோ நேரம் கெடந்தான்னு எனக்குத் தெரியணும்" என்றேன்.

அவன் எழுந்து அம்மாவுக்குத் தண்ணீர் பிடித்துவரப் போனான்.

ஒருநாள் அம்மாவுக்கு மாற்றுப் புடவை எடுத்துவர வீட்டுக்குக் கிளம்பினேன். நண்பனும் பைக்கில் பின்னால் ஏறிக்கொண்டான். புடவையை எடுத்துக்கொண்டு சதுரங்கப்பட்டினத்திலிருந்து திரும்பும்போது, வெயில் உச்சியில் இருந்தது, போன் துடித்தது. அட்மின். 'முக்காடு கோவளம் தாண்டிடுச்சு பாய். உங்க பக்கம்தான் வருது.'

பைக்கை வடக்கே திருப்பினேன். "வேணாம் மச்சான், அம்மா காத்துகினு இருப்பாங்க" என்று பின்னாலிருந்து சொன்னான். நான் காதில் வாங்கவில்லை. அவ்வளவு வேகமாக நான் அந்தச் சாலையில் போனதில்லை. எதிரே வருகிற ஒவ்வொரு வண்டியின் முகத்தையும் பார்த்துக்கொண்டே போனேன். மாமல்லபுரம் போனது, கடைகள் போயின. நெம்மேலி நெருங்கும்போது பார்த்தேன். சாலையோரத்தில் இளநீர் கடை. அதன் முன்னால் கறுப்பு வெள்ளைத் துணி போர்த்தி நின்றுகொண்டிருந்தது. தம்பி கிடந்த இடத்திலிருந்து கூப்பிடு தூரம்தான்.

பைக்கை அதன் முன்னால் குறுக்கே போட்டு நிறுத்தினேன். கம்பெனி டீ-ஷர்ட் போட்ட டிரைவர் கையில் இளநீரோடு ஓடி வந்தார். என்னைப் போல் எத்தனையோ பைத்தியங்களைப் பார்த்திருப்பார்.

"சார், போட்டோ எடுக்கக் கூடாது சார்."

போனில் இருந்த படத்தை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். என் தம்பி, இந்த ரோடு, உங்கள் வண்டி என்று துண்டு துண்டாக ஏதோ சொன்னேன். அவர் படத்தை உற்றுப் பார்த்தார்.

"இது எங்களுது இல்ல அண்ணாத்த."

"பொய் சொல்லாத" என்று கத்தினேன். நேராகப் போய் வண்டியின் முகத்தில், விளக்கு இருக்கிற இடத்தில், துணிக்கு மேல் கையை வைத்தேன். அவர் என் தோளைப் பிடித்து இழுத்தார். நான் விடவில்லை. இரண்டு கையாலும் தடவினேன். ஒரு மூலை கைக்குப் பட்டது. இன்னொரு மூலை. கீழே தடவினேன், அங்கேயும் மூலை. அடுத்த பக்கத்து விளக்குக்கு ஓடினேன். அதுவும் சதுரம். எங்கேயும் உடையவில்லை, ஒட்டுப் போடவில்லை. வளையம் என்று ஒன்று அந்த வண்டியில் இல்லவே இல்லை.

எங்கள் குரூப்பில் யாருக்கும் கிடைக்காதது எனக்குக் கிடைத்துவிட்டது. புது வண்டியின் முகத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டேன். அப்படியே அதன் மேல் தலையைச் சாய்த்து அழுதேன். டிரைவர் என் தோளிலிருந்த கையை எடுக்காமல் வைத்திருந்தார். அழுது முடிக்கிற வரை நின்றார். பிறகு தன் கையிலிருந்த இளநீரை என்னிடம் கொடுத்து, "தம்பிக்கு ஒண்ணும் ஆவாது, போங்க" என்றார். முக்காடு கிளம்பி மாமல்லபுரம் பக்கம் போனது.

கையில் போன் அப்படியே இருந்தது. படத்தில் என் உள்ளங்கை, அதில் அந்தத் துண்டு. வெட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதன் சாய்வு, அது தொடங்குகிற இடம், முடிகிற இடம். அந்தக் கல்யாண மாப்பிள்ளையின் பெயரில் கடைசி எழுத்து இடித்துவிடக் கூடாது என்று நான் கூடுதலாக ஒரு இழுப்பு இழுத்திருந்தேன். அந்த இழுப்பும் இருந்தது. எங்கோ உட்கார்ந்து வண்டி செய்கிற கம்பெனிக்கு, செங்கல்பட்டில் கல்யாணம் செய்துகொண்ட ஒருத்தன் பெயர் எவ்வளவு நீளம் என்று எப்படித் தெரியும்? இது, துண்டைப் புல்லிலிருந்து எடுத்த அன்றைக்கே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. என் படம் ஜெயித்துவிட்டது என்ற நினைப்பில் கேட்காமல் விட்டேன். இந்த வளையம் என் ஃபைலிலிருந்து வந்தது. ஃபைல் எங்கள் குரூப்பில் இருந்தவர்களைத் தவிர யாரிடமும் இல்லை.

திரும்பிப் பார்த்தேன். நண்பன் என் பைக்குக்குப் பக்கத்தில் தரையில் குந்தியிருந்தான். உருண்டை விளக்குக்காக ஊரோடு சண்டை போட்டவன். முக்காடு கைக்கெட்டும் தூரத்தில் நின்றிருந்தது, நான் அதைத் தடவிக்கொண்டிருந்தேன், அவன் பக்கத்திலேயே வரவில்லை. உருண்டையா, சதுரமா என்று இப்போதும் கேட்கவில்லை.

பக்கத்தில் போய் நின்றேன்.

"சதுரம்" என்றேன்.

அவன் நிமிரவில்லை.

"உன் வண்டி எந்த ஷெட்ல கீது?"

மணலில் ஒரு விரலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தான். கோடு நின்றது. கடல் பக்கமிருந்து காற்று வந்து அம்மாவின் புடவை இருந்த பையை அடித்துக்கொண்டிருந்தது.

"உனக்குக் காட்டணும்னுதான் செஞ்சேன் மச்சான்" என்றான். "எல்லாரு கிட்டயும் வண்டி கீது, உங்கிட்ட இல்ல. நீ வரைஞ்சது நெஜமா ஓடணும்னு நெனச்சேன். நீலாங்கரையாண்ட ஃபைபர் பட்டறை ஒண்ணு கீது. உன் ஃபைல குடுத்து வளையம் செஞ்சி மாட்டினேன். யார் கிட்டயும் சொல்லல. ஞாயித்துக்கெழம விடிகாலைல எட்துகினு நேரா டீக்கடைக்கு வந்துகினு இருந்தேன். உன்ன அந்த சேர்ல குந்த வெக்கணும்னு."

நான் நின்றுகொண்டிருந்தேன்.

"லைட்ட பாத்துகினே வந்தேன். முன்னாடி போற லாரி பின்பக்கத்துல என் லைட்டு தெரிஞ்சிது, வளையத்தோட. அதையே பாத்துகினு இருந்தேன். லாரிய தாண்டினேன், பைக்கு தெரில, இடிச்சிட்டேன். லாரிக்காரன் நிக்காம பூட்டான்." மூக்கைத் துடைத்துக்கொண்டான். "நம்ம தம்பின்னு தெரியாது மச்சான். எல்மெட்டு போட்டுகினு குப்புற கெடந்தான். அசையல. நீ போன் பண்ண அப்பறம்தான் தெரியும்."

"எறங்கினியா?"

"எறங்கினேன்."

"அவன் கிட்ட போனியா?"

மணலில் இழுத்த கோட்டைக் கையால் அழித்தான். எத்தனை நாள் வேண்டிக்கொண்ட ஆள் கிடைத்துவிட்டான். கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"எவ்ளோ நேரம் கெடந்தான்?"

அவன் முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"வளையம் ஒடஞ்சி ரோடு பூரா கெடந்துச்சி. அது எங்கிட்ட மட்டும்தான் கீது. ஒரு துண்ட பாத்தாலும் நீ கண்டுபுடிச்சிடுவ" என்றான். "துண்டெல்லாம் பொறுக்கற நேரம்தான் மச்சான்."

நான் அவனை அடிக்கவில்லை. கை எழவில்லை. பைக்கை எடுத்தேன், அவனாகவே பின்னால் ஏறினான். பழக்கத்தில் என் தோளில் கை வைத்தான், பிறகு எடுத்துக்கொண்டான். ஸ்டேஷன் வாசலில் நான் நிறுத்தியதும் இறங்கி, என்னைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனான்.

தம்பி அந்த வாரமே போய்விட்டான். கடைசி வரை கண் திறக்கவில்லை. ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு ஜனாஸா தொழுது அடக்கம் செய்தோம். குரூப்பிலிருந்து எல்லோரும் வந்திருந்தார்கள். அட்மின் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா வந்தவர்களையெல்லாம் பார்த்துவிட்டு, "அந்தப் புள்ள ஏன் வரல?" என்று என்னைக் கேட்டார். சில நாள் கழித்துத்தான் சொல்ல முடிந்தது. கேட்டுவிட்டு அவர் அழவில்லை. "இந்த வாசல்லதான் நின்னு கஞ்சி வாங்கினு போவான்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

வண்டி வெளிவந்துவிட்டது. சதுர விளக்குதான். சாலையில் இப்போது நிறையப் போகிறது. குரூப்பில் அதன் பின்பக்கம் சரியில்லை என்று பேசிக்கொள்கிறார்கள். நான் படிப்பதில்லை, ஆனால் வெளியேறவும் இல்லை. என்ன காரணம் என்று எனக்கே தெரியவில்லை.

போன வாரம் கடையில் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். போட்டோ மாட்டுகிற கறுப்பு பிளாஸ்டிக் வட்டச் சட்டம் ஒன்று மேஜைக்கடியில் கிடந்தது. அதை எடுத்துத் தரையில் ஓங்கி அடித்தேன். சுக்கலாகச் சிதறியது. பிறகு மண்டியிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தேன். பெரிய துண்டுகள் சீக்கிரம் வந்துவிட்டன. சின்னதெல்லாம் மூலை முடுக்கில் போயிருந்தது. பிரிண்ட் மெஷினுக்கடியில் கையை விட்டு எடுத்தேன், கதவுக்குப் பின்னால் எடுத்தேன். முடிந்தது என்று எழுந்தால் இன்னொன்று கண்ணில் பட்டது. ரொம்ப நேரம் ஆனது.